பழைய கைத்துப்பாக்கி பார்க்கப் போனபோது கண்ணில் பட்டது எது? அனுபவப் பகிர்வு (அமெரிக்கா வாழ் தமிழர்கள்)

குமரன், டெக்சாஸ்:

கன் ஷோ (துப்பாக்கிச் சந்தை) மேசையில் ஒரு ரூகர் மார்க் 2 பிஸ்டல். நீலப் பூச்சு கலையவே இல்லை, விலையும் 300 டாலருக்குச் சற்றுமேல்தான். போல்ட்டை (தோட்டாவின் பின்னால் மூடும் உலோகத் துண்டு) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) வாயில் டார்ச் அடித்தால், விளிம்பில் ஒரு பள்ளம். சரியாக ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் கம்பி) முனையின் அளவு. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

.22 ரிம்ஃபயர் என்பதால் ஃபயரிங் பின் தோட்டாவின் அடி விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாமல் ட்ரிகர் அழுத்தினால் அது நேராகச் சேம்பர் விளிம்பில் போய் விழக்கூடாது என்பதற்காகவே போல்ட்டுக்குள் குறுக்கே ஒரு சின்ன ஊசி வைத்திருக்கிறார்கள். போல்ட்டைப் பிரித்துத் துடைக்கும்போது அந்த ஊசி நழுவி விழும். அது இல்லாமலும் எல்லாம் மாட்டிக்கொள்ளும், சுடவும் செய்யும். பிறகு ஒவ்வொரு வெற்று அடியும் சேம்பரைக் குத்திக்கொண்டே இருக்கும். பள்ளம் ஆழமானால் சுட்ட தோட்டாவின் உறை ஒட்டிக்கொண்டு வெளியே வராது, அல்லது அடுத்த தோட்டா முழுதாக உள்ளே போகாது. ஊசி சில டாலர்தான். பிதுங்கிய உலோகத்தைத் திரும்ப ஒதுக்கச் சேம்பர் அயர்ன் என்ற கருவி உண்டு. லேசான பள்ளம் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். ஆழமாக இருந்தால் விட்டுவிடுங்கள், மார்க் 2-க்குப் பஞ்சமே இல்லை. 1982-இல் வந்த மாடல், 2004 வரை செய்தார்கள்.

எப்போதாவது ரேஞ்சுக்குப் போகிறவருக்கு .22 தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். தோட்டா ஒன்று பத்து சென்ட்டுக்கு உள்ளேயே கிடைக்கும். 9மிமீ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

சுந்தர், ஓஹாயோ:

குமரன் அண்ணா சொன்ன பள்ளம் உண்மை. ஆனால் ".22 மட்டும்தான்" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் எடுக்கிற துப்பாக்கிக்கு மேகசினே (தோட்டா அடுக்கும் பெட்டி) வேண்டாம், ஸ்பிரிங் கவலை வேண்டாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர், தோட்டா .38 ஸ்பெஷல். 1899-இல் தொடங்கிய வடிவம், 1957-இல் மாடல் 10 என்று எண் வைத்தார்கள். காவல்துறைகள் கழித்துவிட்டவை வெளிப்பூச்சு தேய்ந்து, உள்ளே புதிதாகவே இருக்கும். இடுப்பு உறையில் கிடந்தே வயதானவை.

ஒரு கடையில் மாடல் 10 ஒன்றின் ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியல்) மெதுவாக ஏற்றியபோது, ஐந்து அறைகளில் 'டக்' என்று சிலிண்டர் (ஆறு தோட்டா அறைகள் உள்ள சுழலும் உருளை) பூட்டியது. ஆறாவதில் ஹேமர் முழுதாக ஏறியும் பூட்டவில்லை. ஒரே ஒரு அறை. ஐந்தோடு நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்காது. அதனால் ஆறையும் பாருங்கள்: காலி சிலிண்டரின் மேல் கட்டைவிரலை லேசாகப் பாரமாக வைத்துக்கொண்டு ஹேமரை ஏற்ற வேண்டும், ஹேமர் நிற்பதற்கு முன்பே பூட்டு விழ வேண்டும். விழாவிட்டால் அறையும் பேரலும் (குழல்) நேர்க்கோட்டில் இல்லாமல் சுட்டு, ஈயத்தைப் பக்கவாட்டில் சீவித் தள்ளும்.

அடுத்து, ஏறிய ஹேமரைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளுங்கள். ட்ரிகர் தொடாமலே விழுந்தால் யாரோ உள்ளே அரத்தால் விளையாடியிருக்கிறார்கள். எந்த விலைக்கும் வேண்டாம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள்: அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 என்றால் நல்லது, 10-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும், அந்த ஆட்டமே கேஜ் அளவை ஏமாற்றும். பேரலுக்குள் வெளிச்சம் அடித்தால் வளையம்போல் ஒரு நிழல் தெரிகிறதா? முன்பு ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதன்மேல் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள்.

சிலிண்டர் திறக்க அடம்பிடித்தால் உடனே 'கெட்டுப்போனது' என்று முடிவு கட்டாதீர்கள். எஜெக்டர் ராடு (காலி உறைகளை வெளியே தள்ளும் கம்பி) தளர்ந்திருக்கலாம். 1960-களின் தொடக்கத்திலிருந்து வந்தவற்றில் அதற்கு இடப்புற மரை. வழக்கமான திசையில் முறுக்கினால் இன்னும் கழன்றுவிடும்.

ரவி (நியூ ஜெர்சியிலிருந்து ஜார்ஜியா):

இரண்டு பேரும் அழகான பழசைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்றைக்குச் சந்தையில் மலிவு என்றால் காவல்துறை கழித்த க்ளாக் 22. பெயரில்தான் 22, போடுவது .40 தோட்டா. எஃப்பிஐ 9மிமீக்குத் திரும்பிய பிறகு ஊர் ஊராக .40-ஐக் கைவிட்டார்கள், அதனால்தான் விலை விழுந்தது. .40 தோட்டா விலை அதிகம்தான். அதற்கு வழி .40-இலிருந்து 9மிமீக்கு மாற்றும் கன்வர்ஷன் பேரலும் க்ளாக் 17 மேகசினும். க்ளாக் 17-இன் சொந்தப் பேரலை வாங்கி மாட்டப் பார்க்காதீர்கள், அது .40 ஸ்லைடில் (பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதி) தொளதொளவென்று நிற்கும்.

அப்படி ஒரு கழித்த க்ளாக்கில் பார்த்தது: துப்பாக்கி காலி, முனை மேல்நோக்கி, ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுத்து மெதுவாக விட்டால் கடைசிக் கால் அங்குலம் மூடாமல் நின்றுவிட்டது. ஸ்லைடைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் தீர்ந்துபோன அடையாளம் இது. விற்பவர் முகம் மாறும், நீங்கள் மாறவேண்டாம். ஸ்பிரிங் மலிவு, ஐந்து நிமிட வேலை. இரவில் ஒளிரும் சைட் மங்கியிருந்தாலும் கவலை இல்லை. அதை ஒளிரவைக்கும் ட்ரிட்டியம் சுமார் 12 ஆண்டில் பாதியாகும், ரேஞ்சு வெளிச்சத்தில் அது தேவையும் இல்லை.

சுந்தருக்கு ஒரு வார்த்தை: "ஸ்பிரிங் கவலை வேண்டாம்" என்பது சரியில்லை. மாடல் 10-இலும் ஹேமரைத் தள்ளும் மெயின்ஸ்பிரிங் இருக்கிறது, அதன் கைப்பிடித் திருகைத் தளர்த்தி ட்ரிகரை இலகுவாக்கி வைத்திருப்பார்கள். கெட்டியான பிரைமர் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பகுதி) வந்தால் வெடிக்காது. திருகு முழுதாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மீனாட்சி, வாஷிங்டன் மாநிலம்:

யாரும் கேட்கவில்லை, இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே படிக்கிறவர்களில் பாதிப்பேர் எச்1பி. ரேஞ்சு கவுண்டரில் ஒரு தம்பி, நண்பரின் பழைய பிஸ்டலை அங்கேயே பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். விசா என்ன என்று கேட்ட அந்த ஒரு கேள்வியில் எல்லாம் நின்றது.

குடியேற்றமில்லா விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்: தலைப்பு 18, பிரிவு 922, உட்பிரிவு ஜி 5 பி. எச்1பி, எச்4, எல்1, எஃப்1 எல்லாம் இதில் அடக்கம். விதிவிலக்கு உண்டு, நாம் அதிகம் பயன்படுத்துவது மாநில வேட்டை உரிமம். செல்லுபடியாகும் உரிமம் கையில் இருக்க வேண்டும். அது காலாவதியான நாளில் விதிவிலக்கும் போய்விடும், ஆனால் வீட்டில் பிஸ்டல் இருக்கும். இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருத்தல்'தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

"நீ வாங்கிக் கொடு, நான் பணம் தருகிறேன்" என்று நண்பரிடம் கேட்காதீர்கள் அப்பா. டீலரிடம் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி இருக்கிறது, பொய்ப் பதில் தனிக் குற்றம். வேறு மாநிலத்தவரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்கினால் அது உங்கள் மாநிலத்து உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் உங்களிடம் வர வேண்டும். கலிபோர்னியா என்றால் தனியாரிடம் வாங்கினாலும் டீலர், பத்து நாள் காத்திருப்பு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கடைக்காரரிடம் விசாவைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.

ஜெயபால், மிச்சிகன்:

செக் நாட்டு சிஇசட் 82 பிஸ்டல் பற்றி யாரும் சொல்லவில்லையே? கையில் நன்றாக உட்காரும், 12 தோட்டா மேகசின். ஆனால் அது கேட்பது 9x18 மகரோவ். மலிவான சரக்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. 2021 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டுத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி இல்லை. துப்பாக்கி விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஊர்க் கடை அலமாரியில் அந்தத் தோட்டா இருக்கிறதா என்று பாருங்கள்.

குமரன், டெக்சாஸ்:

மீனாட்சி அக்கா எழுதியது முதலிலேயே வந்திருக்க வேண்டும். நன்றி அக்கா.

ரூகரின் அடுத்த மாடல்களான மார்க் 3, மார்க் 4 பற்றியும், மார்க் 2-ஐத் திரும்ப மாட்டுவது பற்றியும் தனிச்செய்தியில் வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில். மார்க் 3 வாங்கினால் மேகசின் பொத்தான் பக்கவாட்டில். மார்க் 2-இல் கைப்பிடி அடியில். ஒன்றின் மேகசின் மற்றதில் நிற்காது, அதனால் பெட்டியில் இருப்பது எது என்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மார்க் 4 பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும், துடைக்கச் சுலபம். ஆனால் வரிசை எண் 401 அல்லது டபிள்யூபிஆர் என்று தொடங்கி, 2017 ஜூன் 1-க்கு முன் செய்ததாக இருந்தால் திரும்பப் பெறல் அறிவிப்பில் வரும். சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) நடுவில் நிற்கும்போது ட்ரிகர் அழுத்தினால், சேஃப்டியை விடுவிக்கும்போது சுடக்கூடும் என்பதே காரணம். திருத்தம் செய்ததா என்று ரூகரிடம் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் சொல்வார்கள்.

மார்க் 2-ஐத் திரும்ப மாட்ட முடியவில்லை என்று பாதி விலைக்கு விற்கிறவர்கள் நிறைய. உடைந்திருக்காது. போல்ட்டை உள்ளே விட்ட பிறகு, கைப்பிடிப் பின்பகுதியை மாட்டும்முன் ஹேமர் இறங்கியிருக்க வேண்டும். கைப்பிடிப் பின்பகுதியை மடக்கி மூடும்போது ஹேமரின் கீழே தொங்கும் தண்டு, மெயின்ஸ்பிரிங்கின் குழியில் போய் உட்கார வேண்டும். துப்பாக்கியைச் சாய்த்தால்தான் தண்டு சரியான பக்கம் விழும், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே மூடுங்கள். மூடிய பிறகு போல்ட்டை இழுத்துப் பாருங்கள். முழுதாகப் பின்னால் வந்தால் சரி. பாதியில் முட்டி நின்றால் தண்டு குழியில் இல்லை. பலவந்தப்படுத்தாமல் திறந்து, மறுபடி சாய்த்து மூடுங்கள்.