லோயர் ஆர்ம் போல்ட்டுக்கு டார்க் ரென்ச் எட்டவில்லை. சரியாக இறுக்குவது எப்படி?

கேள்வி (பாலக்கோடு வாசி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிறிய ஹாட்ச்பேக் காரின் முன்பக்க லோயர் ஆர்ம்கள் (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைகள்) இரண்டையும் வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொண்டிருக்கிறேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இடது முன்பக்கத்தில் 'டக்' என்ற ஒலி கேட்டது. கழற்றிப் பார்த்தபோது, ஆர்மின் புஷ்ஷில் (ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளையில்) ரப்பர் கிழிந்து நடுக்குழாயை விட்டு விலகியிருந்தது. இப்போது புதிய ஆர்மை மாட்டி, போல்ட்களைக் கையால் திருகும் அளவோடு நிறுத்தியிருக்கிறேன். வலதுபுறத்தை இன்னும் தொடவில்லை.

ஆர்மின் முன் போல்ட் கிடைமட்டமாகச் செல்கிறது. அதன் தலை சப்ஃபிரேமுக்கும் (ஆர்ம் பூட்டப்படும் அடிச்சட்டம்) கியர்பாக்ஸுக்கும் இடையிலான சந்தில் இருப்பதால், ராட்செட் இரண்டு மூன்று பல் நகர்ந்ததும் இடிக்கிறது. என்னிடமுள்ள நீளமான டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) உள்ளே நுழையவே இல்லை. பின் போல்ட் கீழிருந்து மேலாகச் செல்கிறது. வண்டி உயரத்தில் இருக்கும்வரை அதை எளிதாகத் தொட முடிகிறது. இரண்டுக்கும் டார்க், அதாவது திருகும் இறுக்கம், 100 நியூட்டன் மீட்டர் என்றும், வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது. குழியோ லிஃப்டோ இல்லாத வீட்டில், வண்டியைக் கீழே இறக்கிவிட்டால் அடியில் கை நுழையாது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால் என்ன கெடும்? எட்டாத போல்ட்டுக்குச் சரியான இறுக்கம் கொடுக்க வீட்டளவில் வழி உண்டா?

பதில் 1 (ஓசூர் ஃபிட்டர்)

வணக்கம். கையேடு சொல்வதை இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் பழைய புஷ் கிழிந்ததற்கே இது காரணமாக இருந்திருக்கலாம்.

புஷ்ஷின் வெளிவளையம் ஆர்முக்குள் இறுக்கி அழுத்தப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சப்ஃபிரேமின் காதுகளுக்கு இடையில் கவ்வப்பட்டு, அசையாமல் நின்றுவிடும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதெல்லாம் நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான் நடக்கிறது. சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், வெறுமனே நிற்கும்போதே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் விழும்போது ஏற்படும் முறுக்கமும் அதோடு சேர்ந்துகொள்ளும். புதிய புஷ் சீக்கிரமே கிழிவது இதனால்தான்.

இதில் ஒரு வேறுபாட்டையும் கவனியுங்கள். ஆர்ம் ஆடும் அச்சும் போல்ட்டின் அச்சும் ஒன்றாக இருக்கும் புஷ்ஷுக்குத்தான் இந்த முறுக்கப் பிரச்சினை முழுமையாகப் பொருந்தும். உங்கள் முன் போல்ட் அந்த வகை. பின் போல்ட் செங்குத்தாக இருப்பதால், சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் ரப்பர் போல்ட்டைச் சுற்றி முறுக்கப்படுவதில்லை, சாய்ந்துதான் கொடுக்கிறது. ஆயினும் கையேடு இரண்டுக்கும் ஒரே நிபந்தனை வைத்திருப்பதால் இரண்டையும் அவ்வாறே செய்யுங்கள்.

லிஃப்ட் இல்லாமலே அந்த நிலையைக் கொண்டுவரலாம். வலதுபுறம் இன்னும் பழையபடி இருப்பது நல்லதாயிற்று. வண்டியைச் சமதளத்தில் மெதுவாக இறக்கி, ஓட்டாமல், கையால் முன்பக்கத்தை அழுத்திவிட்டு, வலது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் விளிம்பு வரையுள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்தி, இடது சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆர்மின் வெளிமுனையில் பால் ஜாயின்ட்டுக்கு (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் குண்டு மூட்டு) அருகே ஒரு மரக்கட்டையை இடையில் வைத்து இரண்டாவது ஜாக்கியால் உயர்த்துங்கள். ஹப்பின் (சக்கரம் பூட்டப்படும் மையப்பகுதி) நடுவிலிருந்து ஃபெண்டர் வரையுள்ள தூரம் குறித்த அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு முன் போல்ட்டை இறுக்கலாம். அந்த அளவை எட்டும் முன்பே வண்டி ஸ்டாண்டை விட்டு எழத் தொடங்கினால் அதற்கு மேல் தூக்கவே கூடாது. அப்படியானால் சக்கரத்தை மாட்டி, இரு முன்சக்கரங்களுக்கும் அடியில் அகலமான மரப்பலகைகளை அடுக்கி, எடை முழுவதையும் சக்கரத்தில் இறக்கிய பிறகு வேலை செய்யுங்கள்.

பதில் 2 (காவேரிப்பட்டணம்)

மேலே சொல்லப்பட்டதோடு, கருவி எட்டுவதைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

சக்கரம் இல்லாத நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பினால், சக்கர வளைவு வழியாகவே அந்தச் சந்துக்கு நேர்கோடு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் நீண்ட எக்ஸ்டென்ஷனை (நீட்டுக் கம்பி) மாட்டி, டார்க் ரென்ச்சை வெளியிலிருந்தே இயக்கலாம். எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நீளமானாலும், நேராக இருக்கும்வரை டார்க் அளவு மாறாது. ரென்ச்சின் தலையை மறுகையால் தாங்கிப் பிடித்து, சாய விடாமல் இழுத்தால் போதும். வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயின்ட்டை இறுதி இறுக்கத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் வளைவு கூடக் கூட, ரென்ச் காட்டும் அளவும் போல்ட்டுக்குப் போய்ச் சேரும் அளவும் வெவ்வேறாகிவிடும்.

நேர்கோடு கிடைக்காவிட்டால், ரென்ச்சின் முனையில் மாட்டும் குரோஃபுட் ஸ்பேனர் வாங்குங்கள். அதை ரென்ச்சுக்குச் செங்கோணத்தில் மாட்டினால் கணக்கு எதுவும் தேவையில்லை. ரென்ச்சின் நீட்சியாக நேரே மாட்டினால் நெம்பு நீளம் கூடுவதால், வைக்கும் அளவைக் குறைக்க வேண்டும். உங்கள் ரென்ச் கைப்பிடியின் நடுவிலிருந்து தலைவரை 45 செ.மீ., குரோஃபுட் 5 செ.மீ. என்றால், 100-ஐ 45-ஆல் பெருக்கி 50-ஆல் வகுக்க வரும் 90 நியூட்டன் மீட்டரில் வைத்தால், போல்ட்டில் 100 விழும்.

எந்த டார்க் ரென்ச்சும் நுழையாத இடத்துக்கு நான் பரிந்துரைப்பது கொக்கித் தராசு. நம் பகுதியில் தக்காளிக் கூடையோ மாங்காய் மூட்டையோ எடைபோடும் வீடுகளில் ஒன்றாவது கிடைக்கும். நீண்ட ரிங் ஸ்பேனரை போல்ட்டில் மாட்டி, போல்ட்டின் மையத்திலிருந்து 40 செ.மீ. தூரத்தில் தராசின் கொக்கியைக் கட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். 100 நியூட்டன் மீட்டருக்கு அங்கே 250 நியூட்டன் விசை, அதாவது தராசில் சுமார் 25½ கிலோ காட்ட வேண்டும். உதறாமல் மெதுவாக இழுத்து, போல்ட் நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டும் அளவையே பாருங்கள். சாய்வாக இழுத்தால் அதே 25½ கிலோவில் இறுக்கம் குறைந்துவிடும் என்பதால், கோணத்தில் கவனம் வேண்டும்.

பாலக்கோடு வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. புஷ் ஏன் கிழிந்தது என்பது இப்போதுதான் தெளிவாகிறது. ஒரு கேள்வி மீதமுள்ளது: துருப் பிடிக்காமலிருக்க மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவலாமா? மேலும், முற்றம் செம்மண் தரை என்பதால், ஸ்டாண்டுகளுக்கு அடியில் வீட்டில் மீந்த கிரானைட் பலகைகளைப் போடலாம் என்று எண்ணியிருந்தேன்.

பதில் 3 (தருமபுரி, லாரிப் பட்டறை)

தம்பி, முதலில் அந்த கிரானைட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். பர்கூர்ப் பக்கம் கழிவுக் கல் எளிதாகக் கிடைப்பதால் பல வீடுகளில் அதையே அடியில் கொடுக்கிறார்கள். பளபளப்பான பரப்பில் இரும்புக் கால் வழுக்கும். அடியில் மண் ஒரே சீராக இல்லாவிட்டால் பலகை சட்டென்று விரிசல் விட்டு உடையும். நீங்கள் அடியில் படுத்துக்கொண்டு 25 கிலோ விசையில் பக்கவாட்டில் இழுக்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கெட்டிப்பட்ட தரையில் அகலமான தடித்த மரப்பலகை போடுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தியதும், அடியில் போவதற்கு முன் வெளியில் நின்று வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள்.

எண்ணெய் விஷயத்தில், கையேடு தடவச் சொன்னால் ஒழிய மரையில் எதையும் தடவாதீர்கள். நாம் கொடுக்கும் டார்க்கில் பெரும்பகுதி போல்ட் தலையிலும் மரையிலும் உள்ள உராய்வைத் தாண்டவே செலவாகிறது; ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்துவிட்டால், அதே 100-இல் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டு நீண்டுவிடும். கம்பித் தூரிகையால் மரையைத் துலக்கி உலர்வாகப் பூட்டுங்கள். துருவுக்கு அஞ்சினால், இறுக்கி முடித்த பிறகு வெளிப்பக்கம் மட்டும் மெழுகோ கிரீஸோ பூசலாம். நைலான் வளையமுள்ள நட் இருந்தால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம். போல்ட்டும் நட்டும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் போல்ட் தலையை ஸ்பேனரால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். தலையைத் திருப்பினால் போல்ட்டின் தண்டு புஷ் குழாய்க்குள் உரசி, அளவு தவறாகக் காட்டக்கூடும்.

ஆர்மின் வெளிமுனையைப் பூட்டும்போது, பால் ஜாயின்ட் தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாகத்தான் கவ்வு போல்ட் நுழைய வேண்டும். தண்டு முழுவதும் ஏறாமல் இருந்தால் போல்ட் உள்ளே போகாது. அந்த நேரத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், தண்டை மேலே தள்ளிப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் சப்ஃபிரேமிலும் சேர்த்து வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆர்ம் மாறினால் சக்கரத்தின் கோணம் சிறிதளவாவது மாறியிருக்கும். அலைன்மென்ட் கடைக்குப் போய் வந்ததும் ஒருமுறை, அடுத்து ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, கோடு விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விலகியிருந்தால் அந்த போல்ட்டை அப்படியே மேலும் திருகிவிடாமல், கழற்றி மரையையும் அமரும் பரப்பையும் பார்த்துவிட்டுப் புதிதாக இறுக்குங்கள். அதுவரை தொப்பூர் இறக்கத்துக்கு வண்டியை எடுக்க வேண்டாம்.