உயரமா, தூரமா? வடசென்னையில எங்க நின்னு ஊரைப் பார்க்கிறது

மதுரைக்காரன்: அடுத்த வாரம் தண்டையார்பேட்டை சித்தப்பா வீட்டுக்கு வர்றேன். ரெண்டே நாள். சென்னையை மொத்தமா ஒரே பார்வையில பார்க்கணும், நாலு படம் எடுக்கணும். எங்க போகலாம்? சித்தப்பாவைக் கேட்டா "நம்ம மொட்டைமாடி இருக்கேடா"ங்கிறார்.

மெரினா மணி: யோசிக்கவே வேணாம். மெரினா கலங்கரை விளக்கம். லிஃப்ட்லயே மேல போயிடலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஊர். 2013ல இருந்து மறுபடி மக்களை விடுறாங்க. திங்கட்கிழமை மட்டும் போயிடாதீங்க, லீவு.

காசிமேடு குமார்: திரும்பவும் லைட் ஹவுஸா! அண்ணே, அது மயிலாப்பூர் பக்கம். அங்கிருந்து பார்த்தா வடசென்னை புகைக்குள்ள ஒரு கோடு, அவ்ளோதான். ஊரோட உருவம் தெரியணும்னா ஊரை விட்டுத் தள்ளி நிக்கணும். விடியற்காலையில காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வாங்க. சூரியன் முதுகுக்குப் பின்னாடி கடல்ல இருந்து எழும்பும், ராயபுரம் பக்கம் பூரா வெளிச்சம் விழும். தெற்கால துறைமுகத்து கிரேனுங்க வரிசை கட்டி நிக்கும். சாயங்காலம் வந்தீங்கன்னா வெயில் எதுக்க அடிக்கும், படத்துல எல்லாம் கறுப்புதான். ஏலம் நடக்கிற இடத்துல மட்டும் குறுக்க நிக்காதீங்க, திட்டு விழும்.

மெரினா மணி: கிரேனைப் பார்க்கவா மதுரையில இருந்து வர்றாரு? மேல ஏறாம ஊர் எப்படிப்பா தெரியும்?

காசிமேடு குமார்: ஐகோர்ட் கோபுரத்துல 1894ல இருந்து 1977 வரைக்கும் விளக்கு எரிஞ்சுது, தெரியுமா? மேல ஏறி ஊரைப் பார்க்கவா வெச்சான்? கடல்ல வர்றவனுக்குத் தெரியணும்னு வெச்சான். இந்த ஊரைக் கடல் பக்கம் இருந்துதான் பார்க்கணும்.

தேன்மொழி, திருவொற்றியூர்: ரெண்டு பேரும் மெட்ரோவை மறந்துட்டீங்க. 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் நீட்டினாங்களே. தம்பி, உங்க சித்தப்பா வீட்டுப் பக்கம் தண்டையார்பேட்டை ஸ்டேஷன் பூமிக்கடியில. அடுத்த புது வண்ணாரப்பேட்டைக்குள்ள வண்டி மேல ஏறிடும். சட்டுனு வெளிச்சம் வர்ற அந்த நிமிஷத்துக்காகவே நான் இன்னும் ஜன்னலைப் பார்த்துதான் நிப்பேன். போகும்போது வலது பக்கம் நில்லுங்க, கடல் அந்தப் பக்கம். திரும்பி வரும்போது வேற பக்கம் பாருங்க.

மெரினா மணி: ஓடுற வண்டியில கண்ணாடி வழியா படமா? உங்க மூஞ்சிதான் விழும்.

தேன்மொழி, திருவொற்றியூர்: போனைக் கண்ணாடியோட ஒட்டி வைங்க சார், விழாது. அப்புறம், மழை அடிச்சு ஓய்ஞ்ச மறுநாள் கிளம்புங்க, தூசி இல்லாம தூரத்துல இருக்கிறதும் தெரியும். போகி அன்னிக்குக் காலையில போனா லைட் ஹவுஸே தெரியாது, மணி சார் எங்க ஏறுவாரோ.

மெரினா மணி: மழை விஷயம் சரிதான். லைட் ஹவுஸை நான் விடமாட்டேன்.

மதுரைக்காரன்: எல்லாத்தையும் சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். மொட்டைமாடியை விட்டுட்டார். "காசிமேட்டுக்கே போடா, வரும்போது வஞ்சிரம் வாங்கிட்டு வா"ங்கிறார்.