பறவைக் காய்ச்சல் மனிதருக்குப் பரவினால்: எங்கள் தொடர்மாடியில் தடுப்பூசிக்கு எப்படி ஆயத்தமாவது? (ஸ்காபரோ)

14ம் மாடி எழுதியது:

வணக்கம். கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு பழைய தொடர்மாடிக் கட்டடத்தில் இருக்கிறேன். குடியிருப்பாளர் குழுவுக்கு நான்தான் செயலாளர். பாதிக்கு மேல் எங்கள் சனம். வயது போனவர்கள் நிறைய, அதில் சிலர் தனிய இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வந்து மோசமான நிலைக்குப் போனது நினைவிருக்கும். பிறகு 2025 பெப்ரவரியில் மத்திய அரசு இந்தக் கிருமிக்கு 5 இலட்சம் டோஸ் தடுப்பூசி வாங்கியதாகச் செய்தி வந்தது. பண்ணைகளில் வேலை செய்வோர் போல, நோயுற்ற பறவை விலங்குகளோடு பழகுபவர்களுக்குத்தான் அது முதலில். அப்படியென்றால் மற்ற ஆட்களுக்கு?

2021 இல் கொவிட் ஊசிக்காக ஸ்காபரோ சனம் எவ்வளவு அலைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். திரும்ப அப்படி ஆகக்கூடாது என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் என்ன செய்வது என்பதில் ஒத்துவரவில்லை. ஒருவர் மாஸ்க் வாங்கி அடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் டாமிஃப்ளூ என்ற ஃப்ளூக் குளிசை வாங்கி வைக்கச் சொல்கிறார். கீழே உள்ள பார்ட்டி மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்கு ஊசி போட ஒழுங்கு செய்யலாமா என்பது என் யோசனை. 2009 பன்றிக் காய்ச்சல் நேரம் ஊசி நிலையங்களில் வேலை செய்த ஆராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், உண்மையில் எது உதவும்?

மார்க்கம் வீதி எழுதியது:

மாஸ்க் கொஞ்சம் வாங்கி வைப்பதில் பிழையில்லை. டாமிஃப்ளூ வேறு கதை. டொக்டர் எழுதித் தந்தால்தான் எடுக்கலாம். காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் குடிக்கத் தொடங்கினால்தான் நல்ல பலன். அலுமாரியில் வைத்துவிட்டுச் சாதாரணத் தடிமனுக்கெல்லாம் விழுங்கினால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த யோசனையை விடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நேர்ஸ் எழுதியது:

தம்பி, நான் 2009 இல் பொதுச் சுகாதாரப் பிரிவின் ஊசி நிலையம் ஒன்றில் வேலை செய்தேன். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

புதுக் கிருமிக்கான தடுப்பூசி எப்போதும் பிந்தித்தான் வரும். கிருமி இன்னது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்த்து மருந்து செய்யத் தொடங்குவார்கள். ஐந்தாறு மாதம் போய்விடும். 2009 ஏப்ரலில் மெக்சிக்கோவிலும் அமெரிக்காவிலும் கிருமி தெரியவந்தது. ஜூன் 11ந் திகதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தது. எங்கள் கைக்கு மருந்து வந்தபோது ஒக்டோபர் கடைசிக் கிழமை. அந்த நேரம் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்தது, நவம்பர் முற்பகுதியில் உச்சத்துக்கும் போய்விட்டது. ஊசி போட்டாலும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு கிழமை வேண்டும். கணக்கை நீங்களே பாருங்கள்.

அடுத்தது, மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். கனடா அப்போது 5 கோடிக்கும் மேல் டோஸ் வாங்க ஒப்பந்தம் செய்திருந்தது, தலைக்கு ஒன்றுக்கும் அதிகம். ஆனாலும் தட்டுப்பாடு வந்தது. கியூபெக்கில் ஒரே தொழிற்சாலைதான் எல்லாவற்றையும் செய்தது. கர்ப்பிணிப் பெண்களுக்காக, அட்ஜுவன்ட் என்னும் வலுவூட்டும் பொருள் சேர்க்காத மருந்தை அவர்கள் செய்யத் திரும்பியதும் மற்ற மருந்தின் வரத்து சடாரென்று குறைந்தது. அதே நாட்களில் ரொறன்ரோவில் 13 வயதுப் பையன் ஒருவன் இந்தக் காய்ச்சலில் இறந்துபோனான். அதற்கு முதல் கிழமை வரை "இந்த ஊசி தேவைதானா?" என்று கேட்ட சனம், அடுத்த நாள் விடியப்புறமே வந்து வரிசையில் நின்றது. வயிற்றில் பிள்ளையோடு பெண்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், அந்தக் குளிரில் மணித்தியாலக் கணக்காக நின்றார்கள். கல்கரியில் பொதுமக்கள் இப்படி நிற்கும்போது ஹொக்கி அணிக்காரருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் தனியாக ஊசி போட்டுவிட்டார்கள் என்று பெரிய பிரச்சினையாகி, அல்பேர்ட்டாவில் இரண்டு அதிகாரிகளுக்கு வேலை போனது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

இப்போது உள்ளே நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

அரெபான்ரிக்ஸ் என்ற அந்த மருந்து இரண்டு சிறு போத்தல்களாக வந்தது. ஒன்றில் தடுப்பு மருந்து, மற்றதில் அந்த வலுவூட்டும் பொருள், வெள்ளை நிற எண்ணெய்க் கரைசல். கரைசலை ஊசியால் இழுத்து மருந்துப் போத்தலுக்குள் விட்டு, மெல்லக் கலக்கி, கலந்த நேரத்தை லேபிளில் எழுத வேண்டும். அந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலம்தான் ஆயுள். ஒரு போத்தல் பத்துப் பேருக்கு. இப்போது இரவு, மூடப்போகிறோம், வரிசையில் மூன்று பேர்தான் மிச்சம். புதுப் போத்தல் ஒன்றைக் கலப்பதா? அடுத்த நாள் அந்த இடத்தில் நிலையம் இல்லையென்றால் ஏழு பேருக்கான மருந்து குப்பைக்குப் போகும். வெளியே ஊசிக்கு ஏங்கும் சனம் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஏழு பேரின் தொலைபேசி இலக்கம் எங்களிடம் இருக்காது.

தம்பி, அந்த ஏழு பேரின் பட்டியல் உங்கள் கட்டடத்தில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மாஸ்க் பெட்டிகளை விட அதற்குப் பெறுமதி அதிகம். மருந்து செய்வது உங்கள் கையில் இல்லை, எப்போது வரும் என்பதும் இல்லை. வருகிற அன்று ஆர் எந்த மாடியில் இருக்கிறார், ஆருக்குத் தமிழில்தான் விளங்கப்படுத்த வேண்டும், ஆர் லிஃப்ட் வரைகூட நடக்க மாட்டார், இதெல்லாம் உங்கள் குழுவுக்கு மட்டும்தான் தெரியும். பொதுச் சுகாதாரப் பிரிவுக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பட்டியலில் வயதானவர்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். 2009 இல் 65 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமானவர்கள் முன்வரிசையில் இல்லை. அவர்களில் பலர் 1957க்கு முன் இதைப் போன்ற கிருமிகளைச் சந்தித்து ஓரளவு எதிர்ப்புச் சக்தியோடு இருந்தார்கள். முன்வரிசை கர்ப்பிணிகளுக்கும், 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நீண்டகால வருத்தம் உள்ள 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், மருத்துவ ஊழியர்களுக்கும், தூரப் பிரதேசங்களில் இருப்பவர்களுக்கும்தான். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஊசி போட ஏலாது என்பதால் அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குப் போட்டோம். எத்தனையோ வயதான அப்பாக்கள் அம்மாக்கள் "எங்களுக்குத்தானே முதல் தருவீங்கள்" என்று வந்து, விளங்காமல் மனம் நொந்து திரும்பிப் போனார்கள். அடுத்த கிருமி ஆரைத் தாக்கும் என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. ஆகவே கட்டடத்தில் கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடுகளும் தெரிந்திருக்கட்டும்.

மண்டபத்தில் ஊசி போடலாமா என்று கேட்டீர்கள். போடலாம், அதற்கு ஒத்திகை இந்த ஒக்டோபரிலேயே பாருங்கள். ஒன்ராறியோவில் 2000 ஆம் ஆண்டிலிருந்தே 6 மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருடாந்த ஃப்ளூ ஊசி இலவசம். 2009 இல் பாமசிக்காரருக்கு ஊசி போட அனுமதி இருக்கவில்லை, 2012 இலிருந்து போடுகிறார்கள். அது பெரிய மாற்றம். பக்கத்துப் பாமசியில் இப்போதே போய்க் கதையுங்கள். வெளியிடத்தில் வந்து போடுவதற்கான விதிமுறைகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்துக் கொண்டுவருவதும் அவர்கள் பொறுப்பு. உறைந்தால் மருந்து பழுதாகிவிடும், ஆகவே கட்டடத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறோம் என்று ஆராவது உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஊசி போட அரை நிமிடம் போதும். கோட்டு, சுவெட்டர், அதற்குள் இன்னொரு கம்பளிச் சட்டை, அதற்குள் இறுக்கமான கை வைத்த பிளவுஸ் எல்லாம் கழற்றித் தோளைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து நிமிடம் போகும். வரிசை நீண்டதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒரு மூலையில் திரை கட்டி, உடுப்பை ஆயத்தப்படுத்த உதவிக்கு இரண்டு பெண்பிள்ளைகளை விடுங்கள். குடிக்கும் மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்கள் ஊசி போட்ட இடத்தைக் கூட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு 15 நிமிடம் இருந்துதான் போக வேண்டும், அதற்குக் கதிரைகள் தேவை. வருபவர்களின் எண்ணிக்கையை விட இந்தக் கதிரைகளின் எண்ணிக்கைதான் உங்கள் மண்டபம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் 2009 ஊசியால் ஐரோப்பாவில் பிள்ளைகளுக்குத் தூக்க வியாதி வந்ததாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பொய்யா? பொய்யென்றால் பொய்யென்று சொல்லுங்கள், நான் மற்ற அம்மாக்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற நேர்ஸ் எழுதியது:

பொய் இல்லை தங்கச்சி. நல்ல கேள்வி, மூடி மறைக்காமல் சொல்கிறேன். ஐரோப்பாவில் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற ஊசிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கும் இளம் ஆட்களுக்கும் நார்கோலெப்சி வந்தது. பகலில் அடக்க முடியாமல் நித்திரை வந்து அமுக்கும், வாழ்நாள் முழுக்க இருக்கும் வருத்தம். 2010 இல் பின்லாந்திலும் சுவீடனிலும்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். போட்டவர்களில் மிகச் சிலருக்குத்தான், ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் அரெபான்ரிக்ஸும் அதே நிறுவனம் செய்ததுதான், வலுவூட்டும் பொருளும் அதேதான், செய்த தொழிற்சாலை வேறு. கியூபெக்கில் பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, தொடர்பு இருந்தாலும் மிகமிகச் சிறியது என்று தெரிந்தது. மறுபக்கம், அந்தக் காய்ச்சலால் கனடாவில் 428 பேர் இறந்தார்கள்.

இப்போது வருடாவருடம் பிள்ளைகளுக்குப் போடும் ஃப்ளூ ஊசியில் அந்த வலுவூட்டும் பொருள் இல்லை. அரசு வாங்கி வைத்திருக்கும் எச்5என்1 ஊசியில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் போடச் சொல்லும் நாள் வந்தால், இதே கேள்வியை உங்கள் டொக்டரிடமும் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்கிற அம்மாவைப் பார்த்து முகம் சுளித்தால் அவர் அடுத்த தடவை வரவே மாட்டார். நிலையத்தில் அப்படிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

14ம் மாடி எழுதியது:

மிக்க நன்றி அக்கா. குழுவுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். பாமசியில் நாளைக்கே கதைக்கிறேன். பட்டியல் விஷயத்தில் ஒரு தயக்கம். ஆருக்கு என்ன வருத்தம் என்று எழுதி வைத்தால் சனம் விரும்பாது. சிலர் நீரிழிவு இருப்பதைப் பிள்ளைகளுக்கே சொல்வதில்லை. அதை எப்படிச் சமாளிப்பது? படுக்கையில் இருப்பவர்களை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற நேர்ஸ் எழுதியது:

வருத்தத்தின் பெயரை எழுதவே வேண்டாம். பெயர், கதவிலக்கம், தொலைபேசி, எந்த மொழி, கீழே வர முடியுமா முடியாதா, இவ்வளவும் போதும். அதையும் அவர்களிடம் கேட்டு, சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். முன்வரிசை அறிவிப்பு வரும்போது அதைத் தமிழில் ஒரு தாளில் அடித்து ஒவ்வொரு கதவுக்குள்ளும் போடுங்கள். இன்ன இன்ன வருத்தம் உள்ளவர்கள் இந்த இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று இருந்தால், தேவைப்பட்டவர் தானே எடுப்பார். உங்களுக்குக் காரணம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு மாடிக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துவிடுங்கள். அந்த மாடியிலேயே இருக்கும் ஒருவராக இருந்தால் நல்லது, தெரியாத ஆளுக்குக் கதவு திறக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள், வயதான பலர் தொலைபேசியில் கதைப்பதோடு சரி. பட்டியலை ஒரு கொப்பியில் எழுதி ஒரே ஆளிடம் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். ஆட்கள் வீடு மாறிப் போவார்கள், சிலர் காலமாகியிருப்பார்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு, வீட்டுக்கு வரும் பராமரிப்பு நேர்ஸ் இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் குடும்ப டொக்டரின் அலுவலகத்துக்கு எடுத்து, வீட்டுக்கு வந்து போட ஒழுங்கு இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். ஒக்டோபரில் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுப்பார்கள், பதில் கிடைக்காது. அதுவரை அவர்களைப் பார்க்கும் மகள், மருமகள், சமைத்துக் கொடுக்க வருபவர் எல்லோரும் ஊசி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பாமசிக்காரர் ஒத்துக்கொண்டால் திகதியை இங்கே எழுதுங்கள் தம்பி. வந்து உடுப்புத் திரைக்குப் பின்னால் நின்று உதவி செய்கிறேன்.