கோட்டை மேரி ஆலயத்தின் கூரை ஏன் இப்படி வளைந்திருக்கிறது?

கரித்துண்டு கேட்கிறார்:
சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் போன வாரம் உட்கார்ந்து படம் வரைந்தேன். கூரை மூன்று நீள வளைவுகளாகப் போகிறது. உத்தரம், கட்டை எதுவும் கண்ணில் படவில்லை. ஏன் அப்படி? வெளியே வந்தால் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். மிதித்து நடக்கவே கால் கூசியது. அத்தனை பேரையும் அங்கேயேதான் புதைத்தார்களா? வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். எதை விடாமல் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பழைய குமாஸ்தா:
தம்பி, தலைமைச் செயலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த ஆலயத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் இருக்கைக்குத் திரும்புவேன். மே மாத வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அதற்கும் உங்கள் கேள்விக்கும் ஒரே பதில்தான்: சுவர் நாலடி கனம், கூரை இரண்டடி கனம், எல்லாமே செங்கல் சுண்ணாம்புக் கட்டு. கடல் பக்கமிருந்து பீரங்கிக் குண்டு வந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பற்றக் கூடாது. அதனால் கதவு ஜன்னலைத் தவிரக் கட்டடத்தில் மரமே சேர்க்கவில்லை. தட்டைக் கூரைக்கு உத்தரம் வேண்டும், வளைவுக்கு வேண்டாம். அவ்வளவுதான்.

கட்டியவர்களையும் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காசு தரவில்லை. ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் கவர்னராக இருந்தபோது கோட்டைக்குள் இருந்தவர்களே வசூல் போட்டார்கள். 38 பேர், 805 வராகன். 1678 மார்ச் 25 அன்று வேலையைத் தொடங்கினார்கள். அது மரியாளுக்கு தேவதூதன் செய்தி சொன்ன திருநாள். ஆலயத்துக்கு அவள் பெயர் வந்தது அதனால்தான். 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை. அடுத்த வாரமே, நவம்பர் 4 அன்று, எலிஹு யேல் அங்கே கல்யாணம் செய்துகொண்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். கிளைவ் கல்யாணமும் அங்கேதான், 1753-ல். வருகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டு பெயரைத்தான் கேட்பார்கள். எனக்கு அந்தக் கற்கள்தான் முக்கியம்.

அங்கே கால் வைக்கக் கூசியதாகச் சொன்னீர்களே, அந்தக் கற்களுக்கு அடியில் யாரும் இல்லை. அவை வேறு இடத்துக் கற்கள். பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கிறதே, அங்கேதான் பழைய இடுகாடு இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தப் பெரிய சமாதிகள் அவருடைய ஆட்களுக்கு மறைவாகப் போயின. முற்றுகை விலகியதும் இங்கிலீஷ்காரர்கள் சமாதிகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். பிறகு ஹைதர் அலி படை நெருங்கிய காலத்தில் அவற்றையே பெயர்த்துப் பீரங்கிக்கு அடிக்கல்லாக வைத்தார்கள். அப்புறம் மறுபடி பதித்தார்கள். பெற்ற பிள்ளைக்கு அழுது வைத்த கல் அது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. 1652 என்று வெட்டிய கல் ஒன்று உண்டு, எலிசபெத் பேக்கருடையது. தேடிப் பாருங்கள்.

உள்ளே நிஜமாகவே அடக்கமானவர்களும் உண்டு. சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ அங்கேதான் இருக்கிறார். பிகட் பிரபு கவர்னராக இருந்தபோது அவருடைய ஆலோசனைச் சபையினரே அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அந்தக் காவலிலேயே 1777-ல் இறந்தார். பெயர் கூட இல்லாமல் ‘நினைவாக’ என்று மட்டும் பொறித்த கல்தான் அவருக்கு.

கல்லுளி:
நிலவியல் பாடம் எடுக்கிறவள் நான். பெரியவர் ஞானஸ்நானத் தொட்டியை விட்டுவிட்டார், அதனால் எழுதுகிறேன். மேலே மர மூடி, கீழே பல்லாவரத்துக் கருங்கல். ஜாப் சார்னாக் கல்கத்தாவில் கம்பெனிக் குடியிருப்பைத் தொடங்கியவர். அதற்கு முந்தின வருடம், 1689-ல், அவருடைய மூன்று மகள்களுக்கு இந்தத் தொட்டியில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிறகு கல்கத்தாவில் அவருக்கு எழுப்பிய சமாதிக் கல்லும் இதே ஜாதிப் பாறை. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தச் சமாதியை வைத்துத்தான் இந்தப் பாறைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்தார். உலகம் முழுக்க இன்றும் அதே பெயர்தான். பல்லாவரத்துப் பாறைக்குக் கல்கத்தாக்காரர் பெயர்! வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்கிறேன். தம்பி, கறுப்பு என்று நினைத்து மையை அப்பிவிடாதீர்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

கரித்துண்டு:
ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. போய்விட்டு வந்தேன். ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக்குள் எண்ணெய் தடவியது மாதிரி ஒரு பச்சை, நடுநடுவே மங்கலான நீலப் பொட்டுகள். என்னிடம் இருந்த கரியில் அது வரவே இல்லை. வண்ணப் பென்சிலோடு இன்னொரு முறை போக வேண்டும்.

வெளியே 1652 கல்லையும் கண்டுபிடித்தேன். மேலே சருகு கிடந்தது, கையால் தள்ளிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு கல்லில் எழுத்து தேய்ந்து, மூன்றெழுத்துதான் மிச்சம். அதைத்தான் வரைந்திருக்கிறேன், நாளைக்கு இங்கே போடுகிறேன்.