இறுகிய பனியில் 13 மீட்டர் ஆரமுள்ள ஸ்லாலம் ஸ்கீ ஏன் வழுக்குகிறது?

கேள்வி

வணக்கம். இரவு முழுவதும் உறைந்து காலையில் கல்லாக இறுகியிருந்த ஒரே சரிவில், மூன்று இணை கார்விங் ஸ்கீக்களை (விளிம்பில் சாய்த்துத் திருப்பும் வகை) அடுத்தடுத்த காலைகளில் சறுக்கிப் பார்த்தேன். முதலாவது, கைமாறி வாங்கிய, சிறு திருப்பங்களுக்கான ஸ்லாலம் வகை: நீளம் 165 செ.மீ., நடு அகலம் 66 மி.மீ., பக்க வளைவின் ஆரம் (நடுவில் ஒடுங்கிய பக்கக் கோட்டை நீட்டினால் வரும் வட்டத்தின் ஆரம்) 13 மீட்டர். இரண்டாவது, நண்பர் இரவல் தந்த பெரிய திருப்பங்களுக்கான, புத்தம் புதிய ஜெயன்ட் ஸ்லாலம் வகை: 174 செ.மீ., 68 மி.மீ., 18 மீட்டர். மூன்றாவது, வாடகைக்கு எடுத்த, முனை சற்று மேல்நோக்கி வளைந்த 78 மி.மீ. அகலப் பொது ரகம்.

ஆண்கள் ஸ்லாலம் பந்தயங்களில் 165 செ.மீ. ஸ்கீயைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதுவும் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த தடத்தில். ஆகவே முதலாவதுதான் நன்றாகப் பிடிக்கும் என எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு: 18 மீட்டர் ஸ்கீ தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடியது, 13 மீட்டர் ஸ்கீயோ திருப்பத்தின் தொடக்கத்தில் பனியைப் பிடிக்காமல் மிதந்தது, முடிவில் தடதடவென்று அதிர்ந்து வெளிப்பக்கம் வழுக்கியது. குறை ஸ்கீயிலா, என்னிடமா?

முதல் மறுமொழி

திருப்பத்தின் தொடக்கத்தில் மிதப்பதையும் முடிவில் அதிர்ந்து வழுக்குவதையும் நீங்கள் ஒரே நோயாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்று ஸ்கீக்களையும் ஏறத்தாழ என்ன வேகத்தில் சறுக்கினீர்கள்? கைமாறி வாங்கிய இணையின் எஃகு விளிம்பை வாங்கிய பிறகு தீட்டினீர்களா?

கேட்டவர்

கைபேசி காட்டியபடி மூன்றிலும் மணிக்கு 40 கி.மீ. அளவில் சறுக்கினேன், ஒப்பீடு நியாயமாக இருக்கட்டும் என்றுதான் வேகத்தை மாற்றவில்லை. பக்க விளிம்பை 88 பாகைக்கு (அடிப்பரப்போடு அது சேரும் கோணம்) நானே அரத்தால் தீட்டினேன்; நகத்தை வைத்து இழுத்தால் சீவுகிறது.

முதல் மறுமொழியாளர்

அந்த நியாயமே இங்கே ஒப்பீட்டைக் கெடுத்திருக்கிறது. இறுகிய பனியில் ஸ்கீ பனிக்குள் புதைவதில்லை. ஆகவே அதைச் சாய்க்கச் சாய்க்க, அது வரையும் வளைவின் ஆரம், பக்க வளைவின் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைப்பதற்கு நெருக்கமாக அமையும். 13 மீட்டர் ஸ்கீயை 60 பாகை சாய்த்தால் 6.5 மீட்டர் வளைவு. வளைவு சிறுத்தால் வெளித்தள்ளும் விசை கூடும், அதைச் சமன்செய்ய நீங்கள் இன்னும் சாய வேண்டும், சாய்ந்தால் வளைவு மேலும் சிறுக்கும். இந்தச் சுழலைச் சமதளத்துக்குக் கணக்கிட்டால் எளிய ஒரு தொடர்பு கிடைக்கிறது: தேவைப்படும் சாய்வின் சைன் மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் ஸ்கீயின் ஆரத்தாலும் வகுத்தால் வருவது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 18 மீட்டர் ஸ்கீக்கு ஏறத்தாழ 44 பாகை போதும். 13 மீட்டர் ஸ்கீக்கோ 75 பாகை வேண்டும். தேர்ந்த பந்தய வீரர் அந்தச் சாய்வை நெருங்குவார், நாமோ இடுப்பு பனியில் உரச விழுந்து கிடப்போம். வேகத்தை 30 கி.மீ. ஆகக் குறைத்தால் அதே ஸ்கீக்கு 33 பாகை போதும். சரிவும், இடுப்பில் உடலை மடிப்பதும் இந்த எண்களைக் கொஞ்சம் மாற்றும் என்றாலும், திருப்பத்தின் முடிவில் உங்கள் ஸ்கீ ஏன் கைவிட்டது என்பதற்கு இதுவே போதுமான விடை.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்ன கணக்கு முடிவில் வழுக்குவதை விளக்குகிறது, தொடக்கத்து மிதப்பை விளக்கவில்லை. பக்க விளிம்பு நகத்தைச் சீவுவதால் மட்டும் விளிம்பு சரி என்று ஆகிவிடாது. எஃகின் அடிப்பக்கத்துக்கும் ஒரு சாய்வு உண்டு. வழக்கமாக அது அரை முதல் ஒரு பாகை வரை இருக்கும். முந்தைய உரிமையாளர் அதை இரண்டு பாகைக்குத் தேய்த்துவிட்டிருந்தால், அவ்வளவு கூடுதலாகச் சாய்த்த பின்புதான் விளிம்பு பனியைத் தொடும். மென்பனியில் இது தெரியவே தெரியாது.

சோதிப்பது எளிது. எஃகின் அடிப்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். ஒரு பாகை வழிகாட்டியில் பொருத்திய வைரத் தீட்டுக்கல்லை மென்மையாக ஒருமுறை இழுங்கள். மை வெளி ஓரத்தில் மட்டும் அழிந்தால் சாய்வு ஒரு பாகைக்கும் குறைவு. உள்பக்கம் அழிந்து வெளி ஓரத்தில் மை நின்றால் சாய்வு அதிகம். இரண்டாவது நிலையானால் பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை. எந்திரக் கல்லில் அடிப்பரப்பு முழுவதையும் சீராகத் தேய்த்துவிட்டுச் சாய்வைப் புதிதாக அமைக்க வேண்டும்.

78 மி.மீ. ஸ்கீயைப் பற்றியும் ஒரு சொல். அதன் விளிம்பு, 66 மி.மீ. ஸ்கீயின் விளிம்பைவிடக் காலணியின் நடுக்கோட்டிலிருந்து 6 மி.மீ. தள்ளி இருக்கிறது, இறுகிய பனியில் அந்த நெம்புகோலை உங்கள் கணுக்காலும் முழங்காலும்தான் தாங்குகின்றன. வாடகை ஸ்கீயின் விளிம்பு எந்நிலையில் இருந்ததோ, ஆகையால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மை வெளி ஓரத்தில்தான் நின்றது, 13 மீட்டர் இணையின் இரண்டு ஸ்கீயிலும், நீளம் முழுவதும். அடிப்பரப்பைத் தேய்த்து 0.7 பாகைக்கு அமைத்த பின் அதே சரிவில், அதே காலை நேரத்தில் சறுக்கினேன். மிதப்பு அடியோடு போய்விட்டது, 30 கி.மீ. வேகத்தில் சிறு திருப்பங்களில் 18 மீட்டர் ஸ்கீயைவிட இதுவே கூர்மையாகப் பிடிக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் முடிவில் இன்னும் வழுக்குகிறது, ஆனால் அதிர்வு முன்புபோல் இல்லை. பக்க விளிம்பை 87 பாகைக்கு மாற்றினால் அதுவும் தீருமா?

இரண்டாம் மறுமொழியாளர்

தீராது, அந்த வேகத்தில் குறைவது நீங்கள் ஸ்கீயைச் சாய்க்கும் அளவு, கூர்மை அன்று. எனினும் 87 பாகை இறுகிய பனியில் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும், கூர்மை விரைவில் மழுங்கும் என்பதே அதன் விலை. நாள்தோறும் தீட்டுக்கல்லை எடுக்கச் சோம்பல் இல்லையென்றால் மாற்றுங்கள். ஒருமுறை 87 ஆக்கிவிட்டால் 88-க்குத் திரும்ப எஃகை நிறையத் தேய்க்க வேண்டியிருக்கும்.