ஏற்காட்டில் ஏரியைத் தாண்டி: சேர்வராயன் கோயிலும் மலையாளி ஊர்களும்

சீலநாயக்கன்பட்டி:
வணக்கம்ங்க. ஐப்பசியில் அப்பா அம்மாவோடு ஏற்காடு போகிறோம். இருவருக்கும் 65 வயசுக்கு மேல், அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு கார், தம்பியின் ஸ்கூட்டர். படகுச் சவாரியும் லேடீஸ் சீட்டும் ஏற்கெனவே பார்த்தாச்சு. இந்த முறை சேர்வராயன் கோயில், மலைவாழ் மக்களின் ஊர்கள், காடு, கிளியூர் அருவி பார்க்க ஆசை. எந்த வழியில் ஏறுவது? ஊருக்குள் போகலாமா?

குப்பனூர் வழி:
சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறுங்க, சுமார் 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது குப்பனூர் பக்கம் வரலாம். கோடை விழா சமயத்தில் போலீசே இப்படித்தான் திருப்பிவிடுவாங்க.

தம்பியிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்க. ஸ்கூட்டருக்குக் கியர் இல்லை, அதனால் இறக்கத்தில் இன்ஜின் பெரிதாக இழுத்துப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேலேயே விழும். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் போகும். நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை ஓரம் கட்டி ஆறவிடணும். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்தணும், சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கார் என்றால் இரண்டாவது கியரிலேயே இறக்குங்க. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்தால் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழி விடுங்க. ஐப்பசியில் சாயங்காலம் மூடுபனி இறங்கிவிடும், வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் வந்துவிடணும்.

நாகலூர் நிழல்:
ஊர்களைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே 'மலையாளி' என்றால் கேரளக்காரர் இல்லைங்க. இந்த மலையின் பழங்குடி மக்கள், தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்து மலையேறியதாக அவர்கள் வழக்கு. கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலையிலும் இந்தப் பெயரில் மக்கள் உண்டு. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அதனால் 'காட்டுவாசி' போன்ற பேச்சு வேண்டாம். பெரியவர்களை 'கவுண்டரே' என்றோ 'ஐயா' என்றோ கூப்பிடுங்க.

ஊருக்குள் நுழைந்ததும் கேமராவை எடுக்காதீங்க. முதலில் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர், யார் என்று கேட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாருங்க. காயப்போட்ட சாமை, கேழ்வரகு, மிளகு மேல் வண்டியை ஏற்றிவிடாதீங்க, ஒரு வீட்டின் வருஷ உழைப்பு அது. குழந்தைகளுக்குக் காசு நீட்டுவதைவிட, விற்கிற பழத்தைப் பேரம் பேசாமல் வாங்குவது மரியாதை.

மரத்தடிக் கோயில்களில் செருப்பைக் கழற்றுங்க. சாமிக்கு முன்னால் வழவழப்பாக, ஒரு முனை கூராகத் தீட்டிய கருங்கல் துண்டுகள் இருந்தால் அவை வெறும் கூழாங்கல் இல்லை. புதிய கற்காலக் கைக்கோடரிகள் சேர்வராயன் மலையில் நிறையக் கிடைத்திருக்கின்றன, அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிடுவதும் இங்குள்ள வழக்கம். நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். ஒன்று இடம் மாறினாலும் கும்பிடுகிறவர்களுக்கு அது சாமியைத் திருடியது போலத்தான்.

சேர்வராயன் கோயில் 1,600 மீட்டருக்கு மேல், மலையின் உச்சியில் இருக்கு. பக்கத்திலேயே கார் போகும், அம்மா சிரமப்பட மாட்டாங்க. ஆனால் சன்னிதி ஒரு குகை. கூரை தாழ்வு, உள்ளே இருட்டு, மழைக்காலத்தில் தரை ஈரம். குனிந்து போகணும், முட்டி வலி அதிகமென்றால் வாசலிலேயே கும்பிடலாம். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று நம்புகிறார்கள். திருவிழா மே மாதத்தில், மலை ஊர்கள் எல்லாம் அன்று அங்கே கூடும். கூட்டம் தாங்குமென்றால் அதைவிட நல்ல நாள் கிடையாது. மேட்டில் காற்று பலமாக அடிக்கும், அப்பாவுக்கு ஒரு மப்ளர் எடுத்துக்கோங்க.

சீலநாயக்கன்பட்டி:
ரொம்ப நன்றிங்க. கிளியூர் அருவிக்கு அம்மா இறங்க முடியுமா? மிளகு எப்படிப் பார்த்து வாங்கணும்?

மலைக்காப்பி:
அம்மாவை இறக்க வேண்டாம். படிகள் செங்குத்து, பாசி பிடித்து வழுக்கும், திரும்ப ஏறுவது இன்னும் கஷ்டம். அருவிக்கு வருவது ஏற்காடு ஏரியின் உபரி நீர். அதனால் முதலில் ஏரி வழிகிறதா பாருங்க. வழியவில்லை என்றால் அங்கே பாறைதான் இருக்கும். அது ஊர் நடுவே இருக்கிற ஏரித் தண்ணீர், குடிக்காதீங்க.

அதற்குப் பதிலாக அம்மாவைத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்க. பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடியை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். பகோடா பாயின்ட்டில் ராமர் கோயில் இருக்கு, காலையிலேயே போனால் கீழே காக்கம்பாடி ஊர் தெரியும்.

மிளகு அறுவடை தைக்குப் பிறகு, ஐப்பசியில் கிடைப்பது போன வருஷச் சரக்கு. ஒரு பிடியைத் தண்ணீரில் போடுங்க. கெட்டி மிளகு அடியில் நிற்கும், உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகும் கலப்படப் பப்பாளி விதையும் மிதக்கும். காப்பிக்கொட்டை கார்த்திகையிலிருந்துதான் பழுக்கப் பழுக்கப் பறிப்பாங்க, நீங்கள் போகும்போது செடியில் பச்சைக்காய் சிவக்க ஆரம்பித்திருக்கும். பூ பார்க்கணும் என்றால் பங்குனியில் வாங்க. கோடை மழை பெய்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகும், மல்லிகை மாதிரி மணக்கும், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும்.

ஏற்காட்டைச் சுற்றி வரும் லூப் ரோட்டில் காட்டெருமை நின்றால் ஹாரன் அடிக்காதீங்க, இறங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருங்க, அதுவாகவே தோட்டத்துக்குள் போய்விடும். ஒன்று கடந்ததும் உடனே வண்டியை எடுக்காதீங்க, பின்னால் கன்று வரும்.