புதுப்பிப்பு: லுக்கப்பும் ரிசால்வும் ஒன்றல்ல

ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில், டொமைன் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடும் லுக்கப், ரிசால்வ் என்ற இரண்டு ஃபங்ஷன்களையும் எங்கள் ஆவணத்தில் ஒரே பத்தியில் முடித்துவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே, கூடாது. லுக்கப் இயங்குதளத்தில் முகவரி தேடித் தரும் கெட்அட்ரின்ஃபோ ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறது, அதனால் நம் கணினியிலேயே பெயர்-முகவரிப் பட்டியலாக இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்கும். ரிசால்வ் நேராக, நெட்வொர்க்கில் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். நேற்று ராத்திரி பெங்களூரு மாரத்தஹள்ளி அறையில் உட்கார்ந்து ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு பொய்ப் பெயருக்கு 127.0.0.1 என்று இதே கணினியின் முகவரியை எழுதிப் பார்த்தேன்: லுக்கப் 127.0.0.1 என்றது, ரிசால்வ் அப்படி ஒரு பெயரே இல்லை என்று கைவிரித்தது. அப்புறம், லுக்கப், பின்னணி வேலைகளைச் செய்யும் த்ரெட்களின் தொகுப்பான த்ரெட் பூலில் ஓடுகிறது, நாமாக மாற்றாவிட்டால் அதில் மொத்தமே 4 த்ரெட்தான், டிஎன்எஸ் மந்தமானால் அடுத்த தேடல்கள் வரிசையில் நிற்கும். இதைத் தனி எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறேன். "யாருண்ணே இதெல்லாம் படிப்பாங்க" என்கிறான் பக்கத்து சீட்டுத் தம்பி. சரி, சரிபார்க்கும் வேலை அவனுக்குத்தான்.